தலைமேல் ஏறிய சின்ன எண்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பேத்தி நோட்டுப் புஸ்தகமும் பென்ஸிலுமாக வந்து என் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். முகத்தில் ஒரு விஷமம் இருந்தது. "தாத்தா, இந்தக் கணக்கை நீங்க போட்டுப் பாருங்க. நான் போட்டது சரியான்னு தெரியணும்" என்றாள். அவளுக்கு விடை தெரியும் என்பதும், என்னைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறாள் என்பதும் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் பேத்தியிடம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் துணிச்சல் எந்தத் தாத்தாவுக்கு உண்டு?

கணக்கு இதுதான். புஸ்தகத்தில் ஆங்கில எழுத்துக்கள் இருந்தன. நமக்கு வசதியாக நான் க, ச என்று எழுதுகிறேன்.

(3க²ச)³ × 2க⁻⁴ என்பதை 6கச³ ஆல் வகுத்துச் சுருக்குக.

'சுருக்குக' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. பத்திரிகை ஆசிரியர்கள் என் கதைகளின் ஓரத்தில் அந்தச் சொல்லை எழுதி அனுப்பியதுண்டு. அதற்கு நான் பயந்ததில்லை. இது வேறு பயம். அரை நிஜார் காலத்துப் பயம்.

பென்ஸிலை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் அடியிலேயே தடுக்கி விழுந்தேன். அடைப்புக்கு வெளியே இருந்த 3 என்ற சின்ன எண்ணை க-வுக்கும் ச-வுக்கும் கொடுத்துவிட்டு, அடைப்புக்குள் இருந்த பெரிய 3-க்குக் கொடுக்க மறந்துவிட்டேன். "பந்தியிலே ஒருத்தரை மட்டும் விட்டுட்டுப் பரிமாறறீங்களே, தாத்தா!" என்றாள். திருத்திக்கொண்டேன். 27க⁶ச³ ஆயிற்று, 2க⁻⁴ ஆல் பெருக்கியதும் 54க²ச³ ஆயிற்று, 6கச³ ஆல் வகுத்ததும் 9க என்பதும், அதன் பக்கத்தில் ச⁰ என்பதும் மிஞ்சின. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'ச-வின் தலையில் பூஜ்யம் இருக்கிறது. ஆகவே அது பூஜ்யம். எதைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆகவே விடை பூஜ்யம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே தவற்றை இதே இடத்தில் நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார்: எந்த எண்ணுக்கும் பூஜ்யம் அடுக்கு என்றால் ஒன்று. நான் எழுந்து நின்று, "ஏன் ஸார் பூஜ்யம் இல்லை?" என்று கேட்டேன். கேள்வியில் குறும்பு இல்லை, உண்மையாகவே புரியவில்லை. "விதி அப்படி" என்றார் அவர். "யாருடைய விதி, ஸார்?" என்று கேட்டது என் தலைவிதி. மண்டையில் விழுந்த குட்டின் வலி பத்து நிமிஷத்தில் போய்விட்டது. அன்றைக்குக் கணக்கு நோட்டை மூடியவன், பரீட்சைக்காகத் தவிர அதை மனம் ஒப்பித் திறக்கவே இல்லை. கணக்கு வராததால்தான் கதை எழுதப் போனேன் என்று சிநேகிதர்கள் பரிகாசம் செய்வார்கள். அவர்கள் நினைப்பதைவிட அதில் உண்மை அதிகம்.

அன்றிரவு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். பேத்தியோடு உட்கார்ந்து அல்ஜீப்ராவை முதல் பக்கத்திலிருந்து படிப்பது என்பது ஒன்று. 'யாருடைய விதி?' என்ற அந்தப் பழைய கேள்விக்கு விடை தேடுவது என்பது இன்னொன்று. முதல் காரியம் தினம் ஒரு மணி நேரமாக இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது காரியத்தில் எனக்குக் கிடைத்த மனிதர்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். கதைக்காரன் கண்ணுக்கு மனிதர்கள்தானே முதலில் படுவார்கள்?

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. க-வின் தலைமேல் வலப்புறம் சின்னதாக உட்கார்ந்திருக்கும் எண்ணுக்கு அடுக்கு என்று பெயர். க³ என்றால் க என்பதை மூன்று தடவை எழுதிப் பெருக்கு என்று அர்த்தம். அவ்வளவுதான். க²-ஐ க³ ஆல் பெருக்கினால் இரண்டும் மூன்றும் ஐந்து க-க்கள் வரிசையில் நிற்கும், ஆகவே க⁵. க³ என்ற மூட்டையையே இரண்டு தடவை அடுக்கினால் மூவிரண்டு ஆறு; ஆகவே க⁶. முன்னதில் கூட்டுகிறோம், பின்னதில் பெருக்குகிறோம். பள்ளிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நானும் அந்த முக்கால்வாசியில் ஒருவன்தான்.

கூட்டுவதா, பெருக்குவதா என்ற இந்தச் சங்கடத்தை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களில் ஒருவர் ஆர்க்கிமிடீஸ். ஸிசிலித் தீவில் ஸிராக்யூஸ் நகரத்துக்காரர், கி.மு. 212-இல் ரோமானியர் அந்த நகரைப் பிடித்தபோது மாண்டவர். கெலோன் என்ற அரசனுக்கு அவர் எழுதிய ஒரு சிறு நூலில், பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இன்றைய எழுத்தில் 1-க்குப் பின்னால் 63 பூஜ்யங்கள் போட்டால் அந்த எண் கிடைக்கும். கிரேக்கர்களிடம் பூஜ்யமே கிடையாது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த மனிதரின் துணிச்சல் புரியும். பதினாயிரம் பதினாயிரங்களை ஓர் அலகாக்கி, அந்த அலகை மறுபடி அலகாக்கி, மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டு போனார். அப்படிக் கட்டும்போது, 1, 10, 100, 1000 என்று ஏறும் வரிசையில் இரண்டு எண்களைப் பெருக்கினால், விடை எத்தனையாவது இடத்தில் வரும் என்பதற்கு ஒரு விதி கண்டார். இரண்டின் இடங்களையும் கூட்டு. அதில் ஒன்றைக் கழி.

ஏன் ஒன்றைக் கழிக்க வேண்டும்? 1 என்பதை அவர் 'முதலாவது' என்று எண்ணினார். அதைப் 'பூஜ்யமாவது' என்று எண்ணியிருந்தால் கழிக்கவே வேண்டியதில்லை. வெறுமனே கூட்டினால் போதும். நான் பதின்மூன்று வயதில் தடுக்கி விழுந்த அதே வாசற்படிதான் இது. ஆர்க்கிமிடீஸ் விழவில்லை, ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார்.

அவருக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பின் அலெக்ஸாண்டிரியாவில் டயோபாண்டஸ் என்பவர், தெரியாத எண்ணின் அடுக்குகளுக்குப் பெயர் சூட்டி, பெயர்களைச் சுருக்கி அடையாள எழுத்துக்களும் கொடுத்தார். இரண்டாவதற்கு ஒரு பெயர், மூன்றாவதற்கு ஒரு பெயர். இரண்டையும் ஒட்டினால் ஐந்தாவது. மூன்றையும் மூன்றையும் ஒட்டினால் ஆறாவது. ஒட்டினால் கூட்டல் என்பது அவர் வழக்கம். ஆறோடு நின்றுவிட்டார்.

நம் தேசத்தில் இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். வர்க்கம் என்றால் இரண்டாவது அடுக்கு, கனம் என்றால் மூன்றாவது. இந்த இரண்டு சொற்களும் தமிழிலும் வழங்குவதால் நமக்குப் புதியவை அல்ல. இரண்டையும் சேர்த்து 'கன வர்க்கம்' என்றால் கனத்தின் வர்க்கம், அதாவது ஆறாவது அடுக்கு. ஐந்தாவது அடுக்கைச் சொல்ல வேண்டுமானால் 'வர்க்க கன காதம்' என்பார்கள். இந்தக் காதம் நாம் கால்நடையாக நடக்கும் காதம் அல்ல. பெருக்குத் தொகை என்று பொருள்படும் வடசொல். வர்க்கத்தையும் கனத்தையும் பெருக்கி வந்தது என்று அர்த்தம். ஆக, பெயரின் வாலில் 'காதம்' இருந்தால் அடுக்குகளைக் கூட்டு, இல்லாவிட்டால் பெருக்கு! பிள்ளைகளைக் குழப்பும் இரண்டு விதிகளையும் பெயரிலேயே முடிந்து வைத்திருக்கிறார்கள். கி.பி. 628-இல் நூல் செய்த பிரம்மகுப்தர், ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் 'பஞ்சகதம்', 'ஷட்கதம்' என்று எண்ணையே வைத்துப் பெயர் சொன்னார். அது இன்னும் சுலபம். 1150-இல் எழுதிய பாஸ்கராசாரியார் தெரியாத எண்ணுக்கு 'யா' என்று எழுதி, பக்கத்தில் வர்க்கத்துக்கு 'வ', கனத்துக்கு 'க' என்று முதலெழுத்தைப் போட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட தெரியாத எண்கள் வந்தால் கறுப்பு, நீலம் என்று வர்ணங்களின் பெயர். ரசனை உள்ள மனிதர்.

ஆனால் என் பூஜ்யம் எங்கே? அதைத் தேடிக்கொண்டு பாக்தாதுக்குப் போக வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே அல்-ஸமவ்அல் என்று ஒரு வாலிபன் இருந்தான். மொராக்கோவிலிருந்து வந்த ஒரு யூத அறிஞரின் மகன். பிற்காலத்தில் வைத்தியனாகப் பேர் வாங்கியவன். கணிதத்தில் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் அகப்படாமல் தானே படித்துக்கொண்டு, பத்தொன்பதாவது வயதில் ஓர் அல்ஜீப்ரா நூல் எழுதினான். அதில் ஒரு பட்டியல் வருகிறது. நடுவில் 1, அதன் தலையில் பூஜ்யம். ஒரு பக்கம் அடுக்குகள் ஏறிக்கொண்டே போகின்றன. மறு பக்கம் அவற்றின் தலைகீழ்ப் பின்னங்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. பெருக்க வேண்டுமா, இந்தக் கட்டத்திலிருந்து இத்தனை கட்டம் அந்தப் பக்கம் நகரு. வகுக்க வேண்டுமா, இந்தப் பக்கம் நகரு. பரமபதப் பலகையில் காயை நகர்த்துவது போலத்தான்.

அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு நானே ஒன்று போட்டுப் பார்த்தேன். நம் பாட்டிமார்கள் வாயாலேயே கணக்குப் போட்ட அளவுகளை வைத்துக்கொண்டேன். 8, 4, 2 என்று பாதி பாதியாக இறங்கினால் அடுக்கு 3, 2, 1 என்று இறங்குகிறது. 2-க்குப் பாதி 1. அடுக்கு 1-க்கு அடுத்தது பூஜ்யம். அப்படியானால் பூஜ்யம் என்ற அடுக்குக்கு நேரே நிற்க வேண்டியது 1-தானே? அதற்கும் கீழே இறங்கினால் அரை, கால், அரைக்கால், வீசம். அடுக்கு குறை 1, குறை 2, குறை 3, குறை 4. நடுவில் 1 இருந்த இடத்தில் பூஜ்யத்தை வைத்திருந்தால் படிக்கட்டே இடிந்து போயிருக்கும். பூஜ்யத்தில் பாதி பூஜ்யம், அதில் பாதியும் பூஜ்யம். நோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷ விஷயம். கரும்பலகையில் ஒரு வரி எழுதிக் காட்டியிருக்கலாம்.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருவர் நிக்கோலாஸ் ஷூக்கே. பாரிஸ்காரர், வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவர், லியோன் நகரத்தில் குடியிருந்தார். அந்த ஊர் வரிப் பதிவில் முதலில் 'எழுத்துக்காரர்' என்றும் பின்னால் 'கணக்கர்' என்றும் அவரைக் குறித்திருக்கிறார்கள். எழுத்திலிருந்து கணக்குக்கு உத்தியோக உயர்வு! 1484-இல் எண்களின் சாஸ்திரத்தைப் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். மில்லியனுக்கு மேலே பில்லியன், டிரில்லியன் என்று நாம் சொல்லும் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய விஷயம், எண்ணின் தலைமேல் சின்ன எண்ணைத் தூக்கி வைத்து எழுதியவர் அவர். 12-இன் தலைமேல் பூஜ்யம் போட்டால் அது வெறும் பன்னிரண்டு, தெரியாத எண் அதில் கலக்கவே இல்லை என்று அர்த்தம்; தலைமேல் 'குறை ஒன்று' போட்டால் பன்னிரண்டைத் தெரியாத எண்ணால் வகுத்தது. பூஜ்யமும் குறை எண்ணும் அடுக்காக ஏறிவிட்டன! 1, 2, 4, 8 என்று இருபதாவது அடுக்கான 10,48,576 வரையில் பட்டியல் போட்டு, மேலே உள்ள எண்களைப் பெருக்குவதும் அவற்றின் அடுக்குகளைக் கூட்டுவதும் ஒன்றேதான் என்றும் எழுதி வைத்தார்.

எழுதி வைத்தார், அச்சாகவில்லை. நாலு வருஷத்துக்குள் மனிதரும் போய்விட்டார். கையெழுத்துப் பிரதி, அதே லியோன் நகரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்த எதியென் தெ லா ரோஷ் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. 1520-இல் தெ லா ரோஷ் தன் பெயரில் ஒரு கணக்குப் புஸ்தகம் அச்சிட்டார். அதில் பக்கம் பக்கமாக ஷூக்கேயின் சரக்கு. ஆனால் எடுத்தவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பாருங்கள். வியாபாரிகளுக்கு உதவுகிற கணக்குகளை எடுத்துக்கொண்டார். புதுமையான பாகங்களில் பெரும்பகுதியை விட்டுவிட்டார். திருடனுக்கும் ரசனை வேண்டும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஷூக்கேயின் மூலப் பிரதி முழுமையாக அச்சேறியது 1880-இல். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு வருஷம்! பத்திரிகைக் காரியாலயத்தில் கதை ஆறு மாதம் தூங்குகிறது என்று புலம்பும் இளம் எழுத்தாளர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொருவர் மிகாயேல் ஸ்டிஃபெல். இவரை ஒரு நாவலில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெர்மனியில் எஸ்லிங்கன் என்ற ஊரில் 1487-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து, துறவி மடத்தில் சேர்ந்து, பிறகு மார்ட்டின் லூதரின் கட்சிக்கு ஓடி வந்தவர். எழுத்துக்களுக்கு எண் மதிப்புக் கொடுத்துக் கூட்டிப் பலன் சொல்வதில் இவருக்கு ஒரு பைத்தியம். போப்பாண்டவர் பத்தாம் லியோவின் லத்தீன் பெயரில் ரோமானிய எண்களாக உள்ள எழுத்துக்களைப் பொறுக்கிக் கூட்டினார். 1656 வந்தது. ஆயிரத்துக்கு உரிய எழுத்து 'மர்மம்' என்பதைக் குறிக்கிறது என்று அதை நீக்கினார். பத்தாம் லியோ அல்லவா, ஆகவே ஒரு பத்தைச் சேர்த்தார். 666! பைபிளில் வரும் கொடிய மிருகத்தின் எண் கிடைத்துவிட்டது. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்து அதிருஷ்டம் தேடுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவர் முன்னோடி.

அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. 1533-ஆம் வருஷம் அக்டோபர் 19-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு உலகம் முடிந்துவிடும் என்று கணித்துச் சொன்னார். அப்போது அவர் லோகௌ என்ற கிராமத்தில் பாதிரியார். லூதர் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. ஜனங்கள் நம்பினார்கள். முடியப் போகிற உலகத்தில் உழுது பயிரிடுவானேன் என்று வேலையை விட்டார்கள்; கையிலிருந்ததைச் செலவழித்தார்கள். குறித்த நாளில் கோவிலில் கூடினார்கள். எட்டு மணி அடித்தது. ஒன்பதும் அடித்தது. பிறகு அதிகாரிகள் வந்து பாதிரியாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இங்கேதான் எனக்கு இந்த மனிதரிடம் பிரியம் உண்டாகிறது. ஊர் சிரித்தது, வேலை போயிற்று. லூதரும் மெலாங்க்தனும் பரிந்து பேசியதால் இரண்டு வருஷம் கழித்து வேறொரு சிறு கிராமத்தில் இடம் கிடைத்தது. அந்த அவமானத்தோடு ஒரு மூலையில் முடங்கிக் கிடந்திருக்கலாம். அவர் செய்தது என்ன? 1541-இல், ஐம்பது வயது தாண்டிய பிறகு, விட்டன்பர்க் ஸர்வகலாசாலையில் மாணவராகப் பதிந்துகொண்டு முறையாகக் கணிதம் படித்தார். அங்கே இருந்த மிலிக் என்ற பேராசிரியர் தூண்ட, 1544-இல் கணிதம் முழுவதையும் தொகுத்து ஒரு பெரிய நூலை நியூரம்பர்க்கில் வெளியிட்டார். மெலாங்க்தன் முன்னுரை எழுதினார். அந்த நூலில் வருகிறது, மேல் வரிசையில் குறை 3 முதல் 6 வரையிலும், கீழ் வரிசையில் அரைக்கால் முதல் 64 வரையிலும் உள்ள ஒரு பட்டியல். மேலே பூஜ்யம், அதற்கு நேர் கீழே ஒன்று. ஷூக்கேயின் பிரதி அச்சேறாத காலத்தில் அச்சான புஸ்தகத்தில் ஜனங்கள் இதைப் பார்த்தார்கள். மேலே கூட்டினால் கீழே பெருக்கல். மேலே கழித்தால் கீழே வகுத்தல் என்று விளக்கினார். மேல் வரிசை எண்களுக்கு அவர் கொடுத்த லத்தீன் பெயரைத்தான் இன்றைக்கும் ஆங்கிலத்தில் 'எக்ஸ்போனென்ட்' என்கிறார்கள். இந்த எண்களின் அதிசயங்களைப் பற்றித் தனியாக ஒரு புஸ்தகமே எழுதலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்ற பொருளில் அவர் ஏக்கத்தோடு சொல்லிவிட்டுப் போகும் இடம் ஒன்று உண்டு. எண்களின் மயக்கத்தால் ஒரு தடவை பட்ட மனிதர். ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார் போலும்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பட்டியலிலிருந்து பிறந்த பெரிய காரியத்தைச் செய்தவரும் உலகம் முடியும் நாளைக் கணித்தவர்தான். ஸ்காட்லாந்தில் மெர்ச்சிஸ்டன் பிரபு ஜான் நேப்பியர் 1593-இல் எழுதிய மத நூலில், 1688-க்கும் 1700-க்கும் இடையில் உலகம் முடியும் என்று எழுதினார். கெட்டிக்காரர், தன் ஆயுள் முடிந்து நெடுநாள் ஆன பிறகு வரும்படியாகத் தேதி குறித்தார். அதே நேப்பியர்தான் 1614-இல் லாகரிதம் வாய்பாட்டை வெளியிட்டு, பெருக்கலைக் கூட்டலாக மாற்றி, வான சாஸ்திரிகளின் ஆயுளில் பாதியை மிச்சப்படுத்திக் கொடுத்தார். கால்குலேட்டர் கைக்கு வரும் முன்பு காலேஜில் படித்தவர்கள் அந்த வாய்பாட்டுப் புஸ்தகத்தை மறந்திருக்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் நேப்பியர் அதை அடுக்கு என்ற எண்ணத்தோடு செய்யவில்லை. நகரும் புள்ளிகளை வைத்து யோசித்துச் செய்தார். லாகரிதம் என்பது ஓர் அடுக்குத்தான் என்பதையே அதன் இலக்கணமாக வைத்து ஆய்லர் எழுதியது 1748-இல்.

இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வைத்தியர் 1557-இல், குருவும் சீடனும் உரையாடுவதாக ஓர் அல்ஜீப்ரா புஸ்தகம் எழுதினார். இரண்டு சிறு கோடுகளை இணையாகப் போட்டு 'சமம்' என்ற அடையாளத்தைக் கொடுத்தவர் இவரே. ஆனால் அடுக்கு விஷயத்தில் பெயர்களை நம்பினார். இவர் முறையில் ஒட்டினால் பெருக்கல். இரண்டாவதற்கு 'ஸென்ஸி'; எட்டாவதற்கு, இரண்டு இரண்டாக மூன்று தடவை, 'ஸென்ஸிஸென்ஸிஸென்ஸிக்'! பேத்தி இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுவதும் வீட்டில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது, ஏழாவது அடுக்குகளை எந்தப் பெருக்கலாலும் கொண்டுவர முடியாதாகையால் அவற்றுக்குத் தனித் தனியாகப் பெயர் தேட வேண்டி வந்தது. ரெக்கார்டின் முடிவு துக்ககரமானது. பெம்புரோக் பிரபு முறைகேடு செய்தார் என்று குற்றம் சாட்டப் போய், அவதூறு வழக்கில் தோற்று, ஆயிரம் பவுன் நஷ்டஈடு கொடுக்க வகையில்லாமல் 1558-இல் சிறையிலேயே இறந்து போனார்.

அதற்குப் பிறகு காரியம் வேகமாக நடந்தது. இத்தாலியில் பாம்பெல்லி 1572-இலும், நெதர்லாந்தில் ஸ்டெவின் 1585-இலும் நீண்ட பெயர்களைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் எண்களை அடையாளமாக எழுதினார்கள். 1637-இல் பிரெஞ்சு ஞானி டேகார்ட் வெளியிட்ட நூலில் இன்றைய வழக்கம் வந்துவிட்டது. எழுத்தின் தலைமேல் வலப்புறம் சின்ன எண். ஆனால் இரண்டாவது அடுக்குக்கு மட்டும் பெரும்பாலும் எழுத்தையே இரண்டு தடவை எழுதினார். பின்னால் வந்த மகா கணித மேதை காஸும் அப்படியே எழுதினார். இரண்டு எழுத்து எழுத ஆகும் இடம்தானே ஓர் எழுத்தும் ஒரு சின்ன எண்ணும் எழுத ஆகிறது என்பது அவர் கட்சி. காகிதச் சிக்கனத்தில் நம்மவர்களைத் தோற்கடித்துவிடுவார்.

குறை அடுக்கையும் பின்ன அடுக்கையும் முறைப்படுத்தியது ஜான் வாலிஸ் 1656-இல் வெளியிட்ட நூல். வர்க்க மூலம் என்பது அரை என்ற அடுக்கு. இதைப் போன்ற பின்ன அடுக்குகளைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் ஓரேம் என்ற பாதிரியார் கண்டிருந்தார். அதுவும் ஒரு மூலையில் கிடந்து போயிற்று. வாலிஸ் கணக்குக்கு வந்த விதம் எனக்கு ஆறுதலாக இருந்தது. பதினைந்து வயது வரையில் அவருக்குக் கணக்கே தெரியாது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது கடைக்காரர்கள் சமாசாரம். 1631-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, வியாபாரத்துக்காகக் கணக்குக் கற்றுக்கொண்டிருந்த ஒரு சகோதரன் கையில் புஸ்தகத்தைப் பார்த்துவிட்டு, அவனிடமே கேட்டு இரண்டு வாரத்துக்குள் முழுவதையும் தெரிந்துகொண்டார். பிறகு 1676-இல் நியூட்டன், லைப்னிட்ஸுக்குச் சேர வேண்டி எழுதிய ஒரு கடிதத்தில், குறை எண்ணும் பின்னமும் அடுக்காக வரும்படி எழுதிக் காட்டினார். 'விதி' என்று என் வாத்தியார் சொன்னது அதற்குப் பிறகுதான் எல்லாப் பாடப் புஸ்தகங்களிலும் ஏறியது.

யாருடைய விதி என்று கேட்டேன் அல்லவா? ஒரு பாக்தாத் வாலிபனுடையது, அச்சேறாத ஒரு லியோன் எழுத்துக்காரருடையது, ஊர் சிரித்த ஒரு பாதிரியாருடையது. என் வாத்தியாரை நினைத்தால் இப்போது கோபம் வரவில்லை. அவரையும் யாரோ குட்டியிருப்பார்கள்.

இதையெல்லாம் ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேத்திக்குச் சொல்லி வந்தேன். பெருமையோடு முடித்த அன்றைக்கு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "எந்த எண்ணுக்கும் பூஜ்யம் அடுக்குன்னா ஒண்ணு. சரி. பூஜ்யத்துக்கு எந்த அடுக்குன்னாலும் பூஜ்யம். அப்போ பூஜ்யத்துக்குப் பூஜ்யம் அடுக்குன்னா என்ன, தாத்தா?"

நான் விழித்தேன். ச³-ஐ ச³ ஆல் வகுத்தால் ஒன்று என்ற நம் நியாயம் ச பூஜ்யமாக இல்லாத வரைக்கும்தான் செல்லும். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது அல்லவா? இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு தேடினேன். 1821-இல் பிரெஞ்சுக்காரர் கோஷி, திட்டமாக மதிப்புச் சொல்ல முடியாத வடிவங்கள் என்று தாம் போட்ட பட்டியலில் இதையும் சேர்த்திருக்கிறார். பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் கழித்து, அதன் மதிப்பு ஒன்றுதான் என்று லிப்ரி என்பவரும் மோபியஸ் என்பவரும் வாதாட, பெயர் சொல்லாத ஒருவர் அதற்கு எதிர் உதாரணம் காட்டி மறுத்திருக்கிறார். இன்றைக்கும் அல்ஜீப்ராக்காரர்கள் பலர் வசதிக்காக ஒன்று என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றை ஒன்று நெருங்கிச் செல்லும் அளவுகளைப் பற்றி ஆராய்கிறவர்கள் மதிப்புச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அவளிடம் அப்படியே சொன்னேன்.

"அப்போ பரீட்சையிலே வந்தா என்ன எழுத?"

"உங்க டீச்சரைக் கேளு அம்மா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மறுநாள் சாயங்காலம் அவள் வருகிற வரையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பையைத் திண்ணையில் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"கேட்டேன் தாத்தா. நல்ல கேள்வி, வீட்டிலே யோசிச்சுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்னாங்க."